கார்டு போட்டாச்சு

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு காலையில், பழைய கருங்கல் கட்டடத்தின் வாசலில் ஜென்சி குடையை மடக்கியபோது அவள் கையில் இரண்டு கார்டுகள் இருந்தன. ஒன்று அவளுடையது. மற்றது அவளோடு வேலை பார்க்கும் வேதவதியுடையது.

திருச்சியில் அந்தக் கல்லூரிக்கு எதையும் நிதானமாக மாற்றத் தெரியாது. வருஷக்கணக்கில் தூங்கும்; திடீரென்று விழித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் புரட்டிப் போடும். முந்தின வாரம் ஆபீஸ் மேலாளர் அடைக்கலராஜ் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று அறிவிப்புகளைச் சேர்த்தே இறக்கினார். பழைய கட்டடத்துக்குள் போகவும் வரவும் இனி கார்டு. வேப்பமரத்தடியில் வண்டி நிறுத்தக் கூடாது. எல்லா வண்டியும் பின்கேட்டுக்கு அப்பால், ரயில் லைனை ஒட்டிய மைதானத்துக்குப் போக வேண்டும். ஆசிரியர்கள் எல்லோருக்கும் பழைய கட்டடத்தில் ஒரு வாரப் பயிற்சி, கட்டாயம். கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: அடுத்தவர் கார்டைப் பதிபவர் வேலையிலிருந்து நீக்கப்படுவார்.

அந்த வரியைப் படித்து ஸ்டாஃப் ரூமே சிரித்தது. ஒருவர் வர நேரமானால் இன்னொருவர் கையெழுத்துப் போட்டு வைப்பது அங்கே காலங்காலமாக நடப்பதுதான். அதைத் தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. மெஷின் வந்துவிட்டால் பழக்கம் போய்விடுமா என்ன?

அன்று காலை ஸ்ரீரங்கத்திலிருந்து வேதவதி போன் செய்தாள்.

"ஜென்சி, ஒரு உபகாரம் பண்ணேன். ஆத்துல இன்னும் பெருமாளுக்கு அமுது பண்ணலை. பாலத்துல வேற ஒரே நெரிசலாம். என் கார்டு டிராயர்லதான் இருக்கு, போட்டுடு. டீக்குள்ள வந்துடறேன்."

"போட்டுடறேன். மழையில வேகமா ஓட்டாத, வேதா."

ஆறு வருஷமாக இருவருக்கும் ஒரே மேஜை. வேதவதிக்காக ஜென்சி டிபன் பாக்ஸில் முட்டை எடுத்து வருவதைக்கூட நிறுத்தியிருந்தாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு கார்டைத் தட்டிவிடுவது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

தன் கார்டைக் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்து, கண்ணாடிக் கதவு திறந்து மூடியது. பிறகு வேதவதியின் கார்டு. கதவு இரண்டாம் முறை திறந்தது. அவளை உரசிக்கொண்டு குளிர்ந்த காற்று ஒன்று உள்ளே போனது. ஆற்றுச் சேற்றின் வாடை. அதோடு பச்சைக் கற்பூர மணம், வேதவதியின் மேல் எப்போதும் இருக்கிற மணம்.

மழைக்காற்று என்று நினைத்துக்கொண்டாள். போனை எடுத்து, "கார்டு போட்டாச்சு. மெதுவா வா" என்று தட்டி அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது. தான் உள்ளே போகத் தன் கார்டை இன்னொரு தடவை காட்டியபோது சிவப்பு எரிந்தது; ஏற்கெனவே உள்ளே இருப்பவர் மறுபடி எப்படி உள்ளே வருவார்? அதற்குள் பின்னால் வந்த யாரோ கதவைத் திறக்க, அவரோடு அவளும் நுழைந்துவிட்டாள்.

"இத ஏமாத்த முடியாது," என்று அன்றைய பயிற்சியின் தொடக்கத்தில் அடைக்கலராஜ் பெருமையாகச் சொன்னார். "வெளிய போன கார்டு மறுபடி உள்ள வந்தாத்தான் திரும்ப வெளிய போகும். உள்ள ஒரு ஆள் இருக்கற வரைக்கும் லைட்டு, ஏசி ஓடும். கடைசி ஆள் போனதும் தானா அணைஞ்சிடும். அத பாத்துட்டுத்தான் வாட்ச்மேன் ஹனீஃபா வெளிக்கதவப் பூட்டுவாரு. சுவரு கனமுங்கறதால உள்ள டவர் கிடைக்காது. ஒரு வாரம் போன் இல்லாம இருங்களேன், ஒண்ணும் ஆயிடாது."

டீ வந்தது. வேதவதி வரவில்லை. சாப்பாட்டு வேளையும் போயிற்று. பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. மழை பார்த்துத் திரும்பிப் போயிருப்பாள் என்று ஜென்சி நினைத்தாள். வேப்பமரத்தடியாக இருந்திருந்தால் அவள் வண்டி வரவில்லை என்பதை யாராவது கவனித்துக் கேட்டிருப்பார்கள். மைதானத்தில் நூறு வண்டிகளுக்கு நடுவே யார் பார்ப்பது?

சாயங்காலம் செய்தி வந்தது.

பாலத்து நெரிசலைத் தவிர்க்க வேதவதி கரையோரச் சாலையில் சுற்றி வந்திருக்கிறாள். வண்டி சறுக்கி, கரைச் சரிவில் நாணலுக்குள் விழுந்திருக்கிறது. வண்டிக்கு அடியில் அவள். மேலே சாலையில் போனவர்கள் யாருக்கும் தெரியவில்லை. இருட்டப் போகும் நேரத்தில் புல் அறுக்க வந்த ஒருவர் பார்த்திருக்கிறார். அவள் போன் மட்டும் கிடைக்கவே இல்லை.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து, வேதவதியின் கணவன் ரகுராம் அவள் மேஜைச் சாமான்களை எடுத்துப் போகக் கல்லூரிக்கு வந்தான். சவரம் செய்யாத முகம். பேச்சு மட்டும் தணிந்து, மரியாதையாக இருந்தது.

"அன்னிக்கு நான் போன் பண்ணிண்டே இருந்தேன். கிடைக்கலை. ஆபீஸ்ல கேட்டேன். மேடம் உள்ளதான் சார் இருக்காங்க, மெஷின் காட்டுது, அங்க டவர் கிடையாதுன்னா. மனசு கேக்காம மறுபடியும் கேட்டேன். அதையேதான் சொன்னா. சரி, உள்ளதானே இருக்கான்னு சாப்பிட உட்கார்ந்துட்டேன்." அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மத்தியானம் வரைக்கும் மூச்சு இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றார்."

ஜென்சி வேதவதியின் புத்தகங்களை எடுத்து அடுக்கினாள்.

"நீங்க அவளைப் பார்த்தேளா?"

இப்போது சொல்லிவிடலாம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அறை வாசலில் அடைக்கலராஜ் நின்றிருந்தார். ஜனவரியில் அவள் வேலை நிரந்தரம் ஆகவிருக்கிறது. திருவெறும்பூரில் அவள் கணவன் டோமினிக்குக்கு இருந்த ஒப்பந்த வேலை போய்ப் பல மாதமாகிறது; வீட்டில் இப்போது இவள் சம்பளம்தான்.

"பாத்தேங்க. என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. டீ டைம்ல தலை வலிக்குதுன்னு கிளம்பினா."

"யாரு பின்னாலயாவது கதவு திறந்திருக்கப்ப போயிருப்பாங்க சார்," என்றார் அடைக்கலராஜ். "கார்டு போடாம."

ரகுராம் தலையாட்டினான். "ஏதாவது சாப்ட்டாளா?"

"பிஸ்கட் சாப்பிட்டா."

"அப்பாடா," என்றான் அவன். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வெறும் வயத்தோட போயிட்டாளோன்னுதான் எனக்கு ஆறவே இல்லை. ரொம்ப உபகாரம்மா."

அவன் நன்றி சொன்னதை ஜென்சியால் தாங்க முடியவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஆனால் அவன் பின்னால் ஓடிப் போய்ச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஸ்கூட்டியைத் தொடவும் பிடிக்கவில்லை. பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் வரப் பழகினாள். போனைத் திறந்து தான் அனுப்பிய செய்தியைத் தினமும் பார்த்தாள். ஒற்றை டிக் அப்படியேதான் இருந்தது. இன்னும் போய்ச் சேரவில்லை.

பழைய கட்டடத்தின் விளக்கு மட்டும் அணையவே இல்லை.

ராத்திரி பகல் என்று இல்லாமல் பயிற்சிக் கூடத்தில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பெருக்கப் போகிறவர்கள், இரண்டாம் வரிசையில் ஒரே ஒரு நாற்காலி தினமும் நனைந்து கிடக்கிறது என்றார்கள். கூரை ஒழுக்கு என்று ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவன் ஏறிப் பார்த்துவிட்டு, மேலே பொட்டு ஈரம் இல்லை என்று இறங்கினான். கார்த்திகை பிறந்து மழை நின்ற பிறகும் நாற்காலி காயவில்லை.

"மெஷினு உள்ள ஒரு ஆள் இருக்குன்னே காட்டுது மேடம்," என்றார் வாட்ச்மேன் ஹனீஃபா. "வெளிக்கதவ நான் பூட்டறதே இல்ல, சும்மா சாத்தி வெக்கறேன். உள்ள நாற்காலி இழுக்கற சத்தம் கேக்குது. போயிப் பாக்க மனசு வரல."

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் கடைசி நாள், அடைக்கலராஜ் ஜென்சியிடம் வந்தார்.

"வேதவதி மேடம் கார்டுதாங்க உள்ள நிக்குது. அத வெளிய போட்டாத்தான் கணக்கு தீரும். அவங்க சாமான்ல கார்டு இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதே சார்."

"பரவால்ல. லீவு முடிஞ்சதும் கம்பெனிக்காரங்க சென்னையிலேர்ந்து வராங்க. எந்தக் கார்டுக்குப் பின்னால எது பதிஞ்சதுன்னு மொத்தமா எடுத்துப் பாத்துடுவாங்க."

அவர் போன பிறகு ஜென்சி கைப்பையின் உள்ளறையைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் காலையிலிருந்து கார்டு அங்கேதான் இருந்தது. தூக்கிப் போடவும் பயம், வைத்திருக்கவும் பயம். இன்றைக்கே அதை வெளியே போட்டுவிட்டால் மெஷின் சரியாகிவிடும். கம்பெனிக்காரர்கள் வர மாட்டார்கள். வேதாவும் போய்விடுவாள். இந்தக் கடைசி நினைப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

மத்தியானத்தோடு கல்லூரி காலியானது. வாசல் பக்கம் வண்டிகளே வராததால் அங்கே ஆள் நடமாட்டமும் இல்லை. வானம் மறுபடி மூடிக்கொண்டு வந்தது. ஜென்சி சாத்தியிருந்த தேக்குக் கதவைத் தள்ளி, கழுத்தில் தொங்கிய தன் கார்டைக் கண்ணாடிக் கதவில் காட்டி உள்ளே போனாள். கதவு பின்னால் மூடிக்கொண்டது.

உள்பக்க மெஷினில் வேதவதியின் கார்டை வைத்தாள்.

பச்சை.

கண்ணாடிக் கதவு திறந்தது. காத்திருந்தது. மூடியது.

"போயிட்டு வா, வேதா," என்றாள். "என்னை மன்னிச்சுடு."

அவ்வளவுதான், முடிந்தது. வெளியே போகத் தன் கார்டைத் தூக்கினாள்.

அப்போது நடையின் கோடியில், பயிற்சிக் கூடத்துக்குள், ஒரு நாற்காலி நகர்ந்தது.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் உள்ளே யாரும் இல்லை என்று கண்ணால் பார்க்காமல் விடுமுறை முழுக்க அவளால் சோறு தின்ன முடியாது. நடையில் இறங்கிப் போனாள். தரை சில்லிட்டது. இரும்புக் கம்பி போட்ட ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்ததால் பகல் வெளிச்சம் துளியும் இல்லை. குழல் விளக்குகள் மட்டும் ரீங்காரமிட்டன.

கூடம் காலியாக இருந்தது.

இரண்டாம் வரிசையில், வேதவதிக்கு ஒதுக்கிய நாற்காலியின் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. நாற்காலி காய்ந்திருந்தது.

அதற்குப் பக்கத்து நாற்காலி, அந்த வாரம் முழுக்க ஜென்சி உட்கார்ந்த நாற்காலி, வெளியே இழுத்துப் போட்டிருந்தது. உட்கார் என்பதுபோல. அதன் மேல் ஒரு நாணல் தட்டை, வேரில் ஈரச் சேற்றோடு.

பச்சைக் கற்பூர மணம் முகத்தருகே வந்தது. கழுத்தில் ஏதோ ஈரமாகப் பட்டது.

ஜென்சி மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். பாதி நடையில் கை தானாகக் கழுத்துக்குப் போனது. நாடா இருந்தது.

கார்டு இல்லை.

வாசலில் மெஷின் கூவியது. பச்சை விளக்கு எரிந்தது. யாரும் இல்லாத இடத்தில் கண்ணாடிக் கதவு திறந்து, ஆள் ஒருவர் தாண்டிப் போகிற நேரம் திறந்தே நின்று, மூடிக்கொண்டது. வெளியே ஹனீஃபாவின் குரல் கேட்டது.

"மேடம், கிளம்பிட்டீங்களா? ஹேப்பி கிறிஸ்துமஸ் மேடம்." பிறகு போனில், நிம்மதியோடு: "சார், மெஷினு சரியாயிடுச்சு. உள்ள யாருமில்லன்னு காட்டுது. ஜென்சி மேடம் இப்பத்தான் வெளிய போனாங்க, நானே பாத்தேன். பூட்டிடறேன்."

"ஹனீஃபா பாய்! பாய்! நான் உள்ள இருக்கேன்!"

தேக்குக் கதவு சாத்தப்பட்டது. பூட்டு விழுந்தது.

அவள் கண்ணாடியில் ஓங்கி அறைந்தாள். கருங்கல் சுவருக்குள் அவள் குரல் அவளுக்கே திரும்பி வந்தது. கையில் மீதியிருந்த வேதவதியின் கார்டை மெஷினில் வைத்தாள். சிவப்பு. வெளியே போன கார்டு திரும்ப வெளியே போகாது. மறுபடி வைத்தாள். சிவப்பு.

பயிற்சிக் கூடத்தின் விளக்கு அணைந்தது. பிறகு நடை விளக்குகள், கோடியிலிருந்து ஒவ்வொன்றாக அவளை நோக்கி அணைந்து வந்தன. ஏசி நின்றது. ஐப்பசியிலிருந்து நிற்காத அந்த இரைச்சல் நின்றதும், இருட்டில் தன் மூச்சு மட்டும் கேட்டது.

போனைத் துழாவி எடுத்தாள். டவர் இல்லை. திறப்பு ஜனவரியில்தான். இன்று ராத்திரி டோமினிக் ஆபீஸுக்குப் போன் செய்வான். அவர்கள் மெஷினைப் பார்த்து, ஹனீஃபாவைக் கேட்டு, மேடம் மத்தியானமே போயிட்டாங்க சார் என்பார்கள். அவன் பஸ் ஸ்டாண்டில் தேடுவான், ஆஸ்பத்திரிகளில் தேடுவான், ஆற்றங்கரையில்கூடத் தேடுவான். இங்கே மட்டும் தேட மாட்டான்.

கையில் போன் அதிர்ந்தது.

ஒரு கோடு டவர்கூட இல்லை. ஆனாலும் திரை ஒளிர்ந்தது. ஐப்பசியில் அவள் அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் ஒற்றை டிக் இரண்டானது. இரண்டும் நீலமாயின.

நடையின் கோடியில் நாற்காலி நகர்ந்தது.

அந்தச் செய்திக்குக் கீழே பதில் வந்து விழுந்தது.

"கார்டு போட்டாச்சு. மெதுவா வா."