ரோச்சின் சிரிப்புக்கு அரை மதிப்பெண்

ஜெசிந்தா பாட்டுக் கேட்கும் மின்பேழையில் இருந்த இசைத்தொகுப்புகளில் ஒன்று காலையில் தானாகத் திருத்தப்பட்டிருந்தது. அவளுடைய அண்ணன் ரோச், தூத்துக்குடியில் மெல்லிசைக் குழு நடத்திய காலத்தில் பதிவுசெய்த ஒரே தொகுப்பு அது. திரையில் வாழ்த்து மின்னியது: ‘மகிழ்ச்சியான செய்தி! தாங்கள் சுட்டிய குறை நீக்கப்பட்டு, மறுபதிப்பு வெளியாகியுள்ளது.’

அவள் சுட்டிய குறை ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது பாட்டின் முடிவில், கிட்டாரின் கடைசித் தந்தி அடங்கும்போது ரோச் வாய்விட்டுச் சிரிப்பான். தபேலாக்காரர் கொட்டாவி விட்டதைப் பார்த்து வந்த சிரிப்பு. அவன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. கேமராவைக் கண்டாலே ஓடுகிற கூச்சக்காரன். பாடியவனும் அல்ல, கிட்டார் வாசித்தவன். அவன் குரல் என்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்தச் சிரிப்பு மட்டும்தான்.

உண்மையில் அந்தச் சிரிப்பில் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. அவள் உறுப்பினராக இருந்த இசைத்தொகுப்புச் சேகரிப்பாளர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மதிப்பெண் போடும்போது, உறவினர் வாசித்த தொகுப்பு எவ்வளவு பிடித்திருந்தாலும் அரை மதிப்பெண் வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊர் வாயில் விழ நேரும். வெட்டியதற்கு ஏதாவது காரணமும் எழுத வேண்டும். நியாயக்காரி என்று பேரெடுக்கிற ஆசையில் ஜெசிந்தா, ‘தேவையற்ற சிரிப்பு’ என்று எழுதினாள். அப்போது ரோச் உயிரோடு இருந்தான். அதைப் படித்துவிட்டு இன்னொரு தடவை சிரித்தான்.

செப்பனிக்கு இந்த நாசூக்கெல்லாம் தெரியாது. கேட்டவர்கள் சொன்ன குறைகளைத் தோண்டியெடுத்து, உலகத்துத் தொகுப்புகளை எல்லாம் திருத்திக்கொண்டே இருக்கும் இயந்திர மூளை அது. பழைய குறிப்புகளை ஒவ்வொன்றாக மேய்ந்து இப்போதுதான் ரோச்சிடம் வந்து சேர்ந்திருந்தது. வீட்டில் தனிப்படி வைத்துக்கொள்ளும் காலம் மலையேறிவிட்டது. ஒரு தொகுப்புக்கு ஒரே மூலப்படிதான். எல்லார் பேழையும் அதையே திறந்து காட்டும்.

சங்கத் தலைவர் கஸ்பாரை அழைத்தாள்.

“அண்ணே, ரோச் சிரிப்ப எடுத்துட்டானுவண்ணே.”

“பதறாதம்மா. ஒரு வாரம் சோதனைக் காலம் இருக்கு. அதுக்குள்ள புதுசுக்கு மார்க் கொறஞ்சா பழசு தானா திரும்பி வந்துரும். ஒன்ன விட்டா அத கேக்குறது யாரு? முட்டையப் போட்டு விடு.”

“கையால போடுத மார்க்கு இப்ப செல்லாதேண்ணே.”

அதுதான் சிக்கல். ஆளாளுக்குப் பொய்யாக மதிப்பெண் போடுகிறார்கள் என்று, காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ரசனைமானி வந்துவிட்டது. நாடி, மூச்சு, மயிர்க்கூச்செறிவு, கண்ணீர் எல்லாவற்றையும் அளந்து அதுவே மதிப்பெண் போடும். கேட்பவர் எதற்கு அழுகிறார் என்று அதற்குத் தெரியாது. எவ்வளவு அழுகிறார் என்று மட்டும் தெரியும்.

“அப்போ கல்லு மாதிரி உக்காந்து கேளு. வெளம்பரம் கேக்குற மாதிரி” என்றார் கஸ்பார்.

கேட்டாள். முதல் பாட்டு ஒருவழியாகக் கழிந்தது. இரண்டாவது பாட்டின் கடைசித் தந்தி அடங்கியது. சிரிப்பு இருந்த இடத்தில் துடைத்துவைத்த அமைதி. ஜெசிந்தாவின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, உடம்பெல்லாம் சிலிர்த்தது, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ரசனைமானி இனிமையாக ஒலித்தது: ஐந்துக்கு ஐந்து. அவள் இதுவரை எதற்கும் முழு மதிப்பெண் கொடுத்ததில்லை.

மறுநாள், சந்தையில் வாங்க வேண்டிய காய்கறிகளை நினைத்துக்கொண்டு கேட்டாள்; அப்போதும் ஐந்துதான். அதற்கடுத்து, தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு கேட்டாள். ‘கேட்பவர் விழிப்பில் இல்லை’ என்று ரசனைமானி தள்ளிவிட்டது. பிறகு இரண்டாவது பாட்டு தொடங்கும்போதே அழுகை வரத் தொடங்கியது. தன் உடம்பையே அவளால் கெஞ்சி நிறுத்த முடியவில்லை.

வாரம் முடிந்தது. ‘பழைய பதிப்பு நிரந்தரமாக நீக்கப்பட்டது. தங்கள் பேருவகையைக் கருதி, கலைஞரின் மற்ற குறைகளும் செப்பனியாலேயே கண்டறியப்பட்டு ஒவ்வொன்றாக நீக்கப்படும். அடுத்தது: நான்காம் பாட்டில் தந்தியில் விரல் உரசும் ஒலி.’

அவள் ரசனைமானியைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கஸ்பாரை அழைத்தாள்.

“இனிமே நான் கேக்கவே மாட்டேன்ணே. கேட்டாத்தான மார்க்கு?”

“கேக்காம விட்டா இன்னும் மோசம்மா. ஒரு மாசம் மானி ஒட்டிக்கிட்டு ஆளே கேக்கலன்னா தொகுப்பையே மொத்தமா அழிச்சிருவான்.”

“அப்ப நான் என்னதான்ணே செய்ய?”

அவள் ரசனைமானியைத் தேடியெடுத்து மறுபடி ஒட்டிக்கொண்டாள்.

ஜெசிந்தா மாதம் தவறாமல் கேட்டாள். விரல் உரசல் போனது. பிறகு ஐந்தாம் பாட்டுக்கு முன் அவன் இழுத்த மூச்சு போனது. ஒவ்வொரு தடவையும் ரோச் கொஞ்சம் குறைந்திருந்தான், அவள் கொஞ்சம் கூடுதலாக அழுதாள். அந்த ஆண்டு, உலகத்திலேயே மிகவும் மகிழ்ந்த கேட்பாளர் என்று அவள் பெயரை அறிவித்தார்கள்.