ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து

ஏழாம் அறைக் கட்டிலில் மூன்று வெள்ளை விரிப்புகள் குறைந்தன. எட்டாம் அறையில் ஐந்து. ஏசிக் குளிரோடு கற்பூர வாசம் கனத்துக் கிடந்தது.

விடிந்தால் ஹோட்டல் திறப்பு. கொழும்பு முதலாளிமார் வருகிறார்கள், வெள்ளைக்காரர் வருகிறார்கள், மனேஜர் நாற்காலி பர்ஸானுக்கு வருகிறது. பின்னே, சும்மாவா? சாய்ந்தமருதுக் கரையை வெள்ளைக்காரர் மொய்க்கும் இன்னொரு அறுகம்பே ஆக்கிக் காட்டுகிறேன் என்று ஊரெல்லாம் வாய்ப்பந்தல் போட்டவனல்லவா! சுனாமியில் செத்த முப்பத்தேழு பேரைக் குளிப்பாட்ட நேரமில்லாமல், சுற்றக் கபன் துணிக்கும் வழியில்லாமல் அள்ளி அடக்கிய மணலில்தான் ஹோட்டல் நிற்கிறது. அதில் ஒரு மையித்தும் இல்லை என்று அதிகாரிகள் முன்னால் அல்லாஹ் மேல் சத்தியம் பண்ணியவனும் இவன்தான். மற்றவர்கள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இந்தப் பெரிய மனுசன் முப்பத்தேழு கபுறைப் புல்தரைக்குள் மறைத்தான். அதில் ஒன்றை அவன் தன் கையாலேயே தோண்டியிருந்தான். உள்ளே கிடத்தியது தங்கச்சி றம்லாவை.

"நீதானே களவெடுத்த?" விரிப்பு மாற்றும் றுஸ்தா மேல் பாய்ந்தான்.

"எண்ணிப் பாருங்க சேர். மூணு போகிது, இல்லாட்டி அஞ்சு போகிது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆம்புளைக்குக் கபன் மூணு துண்டு, பொம்புளைக்கு அஞ்சு. நீங்களும் முஸ்லிம்தானே, நான் சொல்லணுமா?"

"வாயப் பொத்து! இந்தக் கதை நாளைக்கு வாறவங்கட காதுல விழுந்தா தரையக் கிண்டுவானுகள். என்ர பொழப்பே போயிரும்."

"ஓம், கிண்டட்டும்." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் போயே போய்விட்டாள்.

போனால் போகட்டும், மீதி விரிப்புகளை நானே எண்ணிப் பூட்டிவைக்கிறேன் என்று பர்ஸான் நடையில் இறங்கினான். அந்தித் தொழுகை மஃரிபுக்கு இன்னும் வாங்கு சொல்லவில்லை. கண்ணாடிச் சுவரில் மஞ்சள் வெயில் ஒட்டியிருந்தது. பெயின்ட் வாசனையும் உப்புக்காற்றும் கலந்து மூக்கை அரிக்க, ஒன்பதாம் அறைக் குளியலறைக்குள் யாரோ கோப்பையால் தண்ணீர் மொண்டு, கிடக்கிற எதன் மீதோ தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை பதமாக ஊற்றும் சத்தம் கேட்டது. மூன்று தரம் ஊற்றி நின்றது. மையித்தைத்தான் அப்படி ஊற்றுவார்கள். அவனும் ஊற்றியிருக்கிறான், வாப்பாவுக்கு.

குழாய் வெடித்திருக்கும் என்று தனக்குத்தானே ஒரு பொய் சொல்லிக் கதவைத் திறந்தான். பொய் அவனுக்கு என்ன புதிதா?

தரை காய்ந்திருந்தது.

சத்தம் பத்தாம் அறைக்குப் போயிருந்தது. பிறகு பதினொன்று. பிறகு எல்லா அறையிலும்.

ஓடினான். விரிப்பு அறையைத் திறந்தான். தட்டுகள் காலி. ஒன்றுகூட இல்லை. திரும்பினான்.

நடை நிறைய வெள்ளை. சுவரோடு சுவராக. தோளோடு தோளாக. ஈரம் சொட்டியது. மூச்சுச் சத்தம் இல்லை.

முன்னால் நின்றது ஒரு சின்ன உருவம். மூன்று விரிப்பில் சுற்றியிருந்தது.

"ரெண்டு குறையிது, காக்கா."

அண்ணன் முறைக்கு அவனைக் காக்கா என்று கூப்பிட உலகத்தில் இருந்தது ஒரே ஒருத்தி.

"றம்லா... என்னட்ட இல்லம்மா..."

அவள் கையை நீட்டினாள்.

திறப்பு விழாவுக்குத் தைத்த புதுச் சேர்ட்டைப் போட்டுப் பார்த்தபடியே வந்திருந்தான். வெள்ளை. சாறனும் வெள்ளை. பட்டன்களைக் கழற்றினான். சேர்ட்டைக் கொடுத்தான். சாறனையும் அவிழ்த்துக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டு ஒதுங்கினாள்.

அவளுக்குப் பின்னால் நின்றவள் முன்னே வந்தாள். அவளுக்கு நான்குதான் இருந்தது.

"இனி ஒண்டுமில்ல. அல்லாஹ்வே, இனி ஒண்டுமே இல்ல!"

அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை. குளிர்ந்த விரல்கள் அவன் வெறுந்தோளின் தோலில் மெல்ல ஊர்ந்து, துணியின் விளிம்பைத் தேடின.