துண்டு பறக்காத காலை

அத்தை கடற்கரையில் தனியாக வசித்தார். அலை, காற்று, பறவை என்று ஆண்டு முழுவதும் தாம் காண்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பதில் அவருக்கு அலாதி விருப்பம். கைபேசி வைத்துக்கொள்ளவில்லை. மணி அடித்தால் பறவைகள் மிரளுமாம்.

ஆகவே, தையற்காரரான அப்பாவுக்கும் அவருடைய அக்காவான அத்தைக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. காலை ஏழு மணிக்கு அத்தை வீட்டு மாடிக் கொடியில் நீலத் துண்டு பறக்க வேண்டும். பறந்தால் அத்தை நலம். தங்கள் வீடு இருந்த மேட்டுத் தெருவிலிருந்து அதைப் பார்த்துச் சொல்வது அப்பாவின் மகளுடைய பொறுப்பு. நான்காம் வகுப்பில் படிக்கும் அவளுக்கு வீட்டில் வாலு என்று பெயர்.

அன்று மணி ஏழரை ஆயிற்று. கொடி வெறுமையாக இருந்தது.

"அப்பா, துண்டைக் காணோம்!"

கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு அப்பா ஓடினார். பள்ளிச் சீருடையில் வாலுவும் ஓடினாள்.

"தனியா இருக்க வேணாம்னு அப்பவே சொன்னேன்! இன்னைக்கே நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேன்."

"கடலைப் பாக்காம அத்தை வாடிப்போயிடுவாங்கப்பா."

"நீ சும்மா வா!"

கதவு திறந்திருந்தது. உள்ளே யாருமில்லை. "அக்கா! அக்கா!" என்று கத்தியபடி அப்பா கடலை நோக்கி விரைந்தார்.

வாலு வீட்டுக்குள்ளேயே நின்று சுற்றிலும் தேடினாள். அப்போது மேசைமேல் இருந்த குறிப்பேடு கண்ணில் பட்டது. அன்றைய பக்கத்தைப் படித்தாள்.

'காலை 6.50. காற்று திசை மாறிவிட்டது. பருவம் மாறுகிறது. கொடியில் உள்ள இரண்டு கிளிப் இனிப் போதா. மாடியிலுள்ள கிளிப் கூடையில் கைவிடப் போனால், உள்ளே புறா! இரண்டு முட்டைகள்!'

"அப்பா, திரும்பி வாங்க! அத்தை மாடியிலதான் இருக்காங்க!"

மாடியில், கைப்பிடிச் சுவருக்குக் கீழே, கிளிப் கூடையைப் பார்த்தபடி அத்தை குந்தியிருந்தார்.

"ஏன்டா இப்படிக் கத்தற? புறா பயந்துடும்."

"நான்தான்க்கா பயந்துட்டேன்! கூப்பிட்டது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. பதில் சொன்னா அது பறந்துடுமே."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "போதும்க்கா. பெட்டியைக் கட்டு. தினமும் என்னால இப்படி ஓட முடியாது."

அத்தையின் முகம் வாடியது. "குஞ்சு பொரிக்க ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் கூடையைத் தொட முடியாது. இந்தக் காத்துக்கு ரெண்டு கிளிப்ல துண்டும் நிக்காது..."

வாலு தன் இரட்டைச் சடையிலிருந்த சிவப்பு ரிப்பன்களை அவிழ்த்தாள்.

"அத்தை, எங்க வீட்டைப் பாத்த ஜன்னல் இருக்குல்ல? அந்தக் கம்பியில இதால துண்டைக் கட்டிடலாம். எந்தக் காத்துக்கும் அவுந்து போகாது."

கட்டினாள். அப்பா பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தார். முடிச்சு அசையவில்லை. அவருக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

"சரிக்கா, இங்கேயே இரு. ஆனா ஏழு மணின்னா ஏழு மணி!"

"ஆறு ஐம்பத்தஞ்சுக்கே கட்டிடறேன்டா."

மறுநாள் நீலத் துண்டும் சிவப்பு ரிப்பன்களும் படபடத்தன. அதைப் பார்த்த பிறகே அப்பா தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தார். முதல் வேலையாக ஒரு துணிப்பை தைத்தார்.

"இது யாருக்குப்பா?"

"அத்தைக்கு. கிளிப் போட்டு வைக்க. மேல ஒரு மூடியும் வச்சுத் தச்சிருக்கேன், பாத்தியா? இனிமே எந்தப் புறாவும் என் வயித்துல புளியைக் கரைக்க முடியாது!"