காயாத கண்கள்

காலையில் வைத்த கண்கள் சாயங்காலம் நாலரை மணி ஆகியும் காயவில்லை.

லோகப்பிரியா விரல்நுனியால் தொட்டுப் பார்த்தாள். கறுப்புச் சாயம் ஈரமாக, லேசான சூட்டோடு ஒட்டியது. போத்தனூரில் ஒரு காபிக்கடையின் மாடி, முப்பது நாற்காலி போட்டால் நிறைந்துவிடும் நாடக அரங்கு. மின்விசிறி கடகடவென்று சுற்ற, கீழேயிருந்து டிகாஷன் வாசனையும் டம்ளர்கள் மோதும் ஓசையும் ஏறி வர, கயிற்றில் தொங்கிய மூன்று சுவரொட்டிகளும் காற்றுக்கு அசைந்தன. மூன்றிலும் அவள் கணவன் மதன்குமாரின் முகம்.

இந்த நாடகக் குழுவின் சுவரொட்டிகள் அச்சுக்குப் போவதில்லை. அவள்தான் ஒவ்வொன்றாக வரைவாள். கண் மட்டும் வைக்கமாட்டாள். மேடையேறும் முன் நடிகனே வந்து தன் கண்ணை எழுதிக்கொள்வான். குழு தொடங்கிய நாளிலிருந்து அதுதான் முறை.

"கண்ணில்லாத மூஞ்சியப் பாத்தா சனம் பயந்துக்காதுங்களா அம்மணி? போன வாரம் வந்ததே நாலு பேரு. அதுல ஒருத்தரு கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரு," என்று நேற்று சிரித்தார் கடைக்காரர் காளிச்சாமி.

இன்றும் ஆள் வராவிட்டால் நடிப்பையே விட்டுவிடுவதாகச் சொல்லி மதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதை அவளால் தாங்க முடியவில்லை. காலையில் ஏழு சுவரொட்டிகளிலும் அவளே கண் வைத்துவிட்டாள். பன்னிரண்டு வருடம் பழகிய கண்கள். அவனைப் பார்க்காமலே கைக்கு வந்தன. நான்கை மதியமே வெளியில் ஒட்டியாயிற்று.

இப்போது கயிற்றிலிருந்த மூன்று முகங்களும் வாசலைப் பார்த்தன.

கண்கள் நேரே பார்க்கும்படிதான் அவள் வரைந்திருந்தாள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். தெரிந்த நடைதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் நின்று, தடவி, ஏறியது.

மதன் வாசலில் நின்றான். இமைகள் மூடியிருந்தன.

"அம்மணி, ஏன் லைட்டை அணைச்சுப்போட்டே?"

ஜன்னல் நிறைய வெயில்.

"விளையாடாதீங்க. கண்ணத் தொறங்க."

"தொறந்துதான் இருக்கேன்." சுவரைத் தடவினான். சட்டென்று நின்றான். "இரு. தெரியுது. உன்ற முதுகு தெரியுது."

அவன் அவளுக்கு எதிரே நின்றான். சுவரொட்டிக் கயிறுதான் அவளுக்குப் பின்னால்.

அவள் திரும்பவில்லை.

"ரயில் தெரியுது. ஸ்டேஷன் சுவத்துல ஒட்டுனயா? பஸ் ஸ்டாப்புல யாரோ என்னையே பாக்கறாங்க."

"நான் போயி எல்லாத்தையும் கிழிச்செடுத்துட்டு வந்தர்றேனுங்க..."

"கிழிக்காதே!"

அப்படி அவன் கத்தி அவள் கேட்டதேயில்லை.

"அம்மணி." குரல் இறங்கியது. "மார்க்கெட் சுவத்துகிட்ட ஒரு ஆடு வருது. பசைய மோந்து பாக்குது."

அவள் படிக்கு ஓடினாள். மார்க்கெட் இரண்டு தெரு தள்ளி. ஓடினால் போதும். ஓடினால்...

பின்னால் காகிதம் கிழிந்தது.

திரும்பினாள்.

மதன் நின்ற இடத்திலேயே நின்றான். தாடை இல்லை. ரத்தம் இல்லை. கிழிந்த ஓரம் வெள்ளையாக, பிசிறு பிசிறாக, மின்விசிறிக் காற்றில் படபடத்தது. மிச்சமிருந்த கன்னம் மட்டும், எதுவோ மெல்லுகிற தாளத்தில், கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுபட்டுக்கொண்டிருந்தது.