அடிக்கோட்டுக்குப் பின்னால் பிரீ

திரையில் இருந்த ஆழ வரைபடத்தில் மூன்று கோடுகள் இருந்தன. மூலையில் இருந்த குறிப்புப் பெட்டியில் இரண்டே பெயர்கள்: லாக்லன், கடல்தரை.

ஹோபார்ட் துறைமுகத்தை ஒட்டிய ஆய்வகத்தின் மாடியில், ஞாயிறு மதியம் மெர்ரின் தனியாக இருந்தாள். மழை சன்னலில் வழிந்துகொண்டிருக்க, பொட்டலத்தில் உருளை வறுவல் ஆறி வினிகர் வாடையோடு கிடந்தது. அவள் தங்கை பிரீ மார்ச்சில் சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் இறங்கியவள், திரும்பவில்லை; உடல்கூடக் கிடைக்கவில்லை. கூடவே இறங்கித் தனியாக மேலே வந்தவன் மெர்ரினின் கணவன் லாக்லன். பிரீயின் ஆழமானியிலிருந்து படகுக்கு எந்தப் பதிவுமே வரவில்லை என்று அழுதான். நாளைய விசாரணைக்கான இந்த வரைபடத்தைக் கொடுத்து, "குறிப்புப் பெட்டியை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக் குடு, மெர்" என்றான்.

அதை வரையும் நிரலைத் திறந்தாள். பெட்டியில் பெயரில்லாத மூன்றாவது சாம்பல் கோட்டுக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. முன்னால் ஓர் அடிக்கோடு. பைத்தான் நிரல்மொழியில் அப்படித் தொடங்கும் பெயர் குறிப்புப் பெட்டிக்குள் வராது.

அடிக்கோட்டை அழித்தாள். பெட்டியில் பெயர் வந்தது: பிரீ.

கோட்டை ஆரஞ்சாக்கி, நிமிடத்துக்கு ஒரு முக்கோணம் வைத்தாள். இருபத்திரண்டாம் நிமிடம் லாக்லன் மேலே வந்துவிட்டான். கீழே, முப்பத்தோரு மீட்டரில், பாசிக்காட்டுக்குள் பிரீயின் முக்கோணங்கள் ஏறின, இறங்கின, ஏறின. அவன் மேலே போன பிறகும் பதினைந்து நிமிடம்.

லாக்லனுக்குப் போன் போட்டாள். "அவ உயிரோட இருந்தா, லாக்கி."

மறுமுனையில் லாக்லன்: "சிக்கிக்கிட்டா. எனக்குக் காத்து கம்மியா இருந்துச்சு."

"படகுல இன்னொரு சிலிண்டர் இருந்துச்சே! மறுபடி இறங்கியிருக்கலாமில்ல? பேரை வேற மறைச்சிருக்கே."

"பயமா இருந்துச்சு, மெர்." பிறகு, "அந்தப் பேரைப் பெட்டியில காட்டிட்டியா?" என்றான்.

திரையைப் பார்த்தாள். பிரீயின் கோடு வளர்ந்திருந்தது. இருபது மீட்டர். பதினொன்று. பக்கத்தில் இன்றைய தேதி.

"லாக்கி, இது மேல வருது."

"நான் அவ பேரைக் காட்டினப்பவும் வந்துச்சு. மூணு மீட்டர்ல இருக்கப்போ மறைச்சேன், நின்னுடுச்சு. ஆனா தினமும் வீட்டுல தண்ணி சத்தம் கேக்குது. இன்னொருத்தர் காட்டினா அவங்ககிட்டப் போயிடும்னு நெனச்சேன்."

"இன்னொருத்தரா? நானா?"

"என்னை மன்னிச்சிரு." போன் அறுந்தது.

அடிக்கோட்டைத் திரும்ப வைத்தாள். பெயர் போகவில்லை. மறுபடி வைத்தாள். போகவில்லை.

நான்கு மீட்டர். பூஜ்யம். கோடு நிற்கவில்லை. கடல்மட்டத்துக்கு மேலே ஒன்று. மூன்று. ஆறு. மாடியின் உயரம்.

அங்கே கோடு கிடையாகப் படுத்தது. முக்கோணங்கள் நெருங்கி விழுந்தன. காலடி போல.

வினிகர் வாடை போயிற்று. உப்பு. அழுகிய பாசி.

மெர்ரின் திரும்பினாள்.

கதவருகே கறுப்பு ரப்பர் உடையில் பிரீ நின்றாள். வாயில் மூச்சுக்குழாய். அதிலிருந்து குமிழிகள் கிளம்பின. காற்றில் மெதுவாக மேலே ஏறின. ஒவ்வொன்றாகக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டன.