விலா எலும்பு உள்ளவர்களுக்கு மட்டும்

சித்தப்பா இறந்த அன்று, கோமகன் துக்கத்துக்குத் தன் பதிலாளை அனுப்பிவிட்டுத் தோசை வார்த்துக்கொண்டிருந்தான். போன வேகத்தில் அது திரும்பி வந்து, அவன் பின்மண்டையில் பதித்திருந்த சில்லில் நினைவுச்சாரத்தை இறக்கியது: ‘கூட்டம் பரவாயில்லை. சித்தியின் பதிலாள் இரண்டு முறை மயங்கி விழுந்தது. சாப்பாடு சுமார்.’ கோமகன் கொஞ்சம் வருத்தப்பட்டான். பிறகு தோசையைத் திருப்பிப் போட்டான்.

செவ்வாய்க் கிரகத்தின் நிலத்தடிச் சுரங்க ஊரில் இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. கல்யாணம், கச்சேரி, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம் எல்லாவற்றுக்கும் பதிலாள்தான் போகும். இரும்பு உடம்பு, எசமானின் முகச்சாயல், எசமானுக்கு இல்லாத பொறுமை. மனிதர்கள் வீட்டில் இருந்தபடி சாரத்தை வாங்கிக்கொள்வார்கள். மிச்சமாகும் நேரத்தில் வேறு சாரங்களை வாங்கிக்கொள்வார்கள்.

கோமகன் ‘கும்மிருட்டு’ என்ற இசை நிறுவனத்தின் முதலாளி, விளம்பர அதிகாரி, தரை துடைப்பவன். பெரிய நிறுவனம் எதன் தயவும் இல்லாமல் இருண்ட டப்ஸ்டெப் மட்டுமே வெளியிடுவான். தாளம் ஆமை மாதிரி நடக்கும். பாதிப் பாட்டு மௌனம். அந்த மௌனத்துக்கு அடியில் பேஸ் என்ற அடித்தொனி ஒன்று உறுமும். அது காதுக்குச் சரியாகக் கேட்காது, விலா எலும்புக்குக் கேட்கும். சாரமாகச் சில்லில் ஏறவே ஏறாது.

இசை ரஹீமாவுடையது. தண்ணீர் ஆலையின் பம்ப் அறையில் வேலை பார்த்து, பம்புகளின் உறுமலிலேயே பாட்டுக் கட்டப் பழகியவள். இதுவரை வந்த மூன்று தொகுப்புகளின் வெளியீட்டுக்கும் அரங்கு நிறையப் பதிலாள்கள்தான் வந்தன. நான்காவது தொகுப்பை முடித்ததும் சொல்லிவிட்டாள்.

“ஒரே ஒரு மனுசனாவது முழுசா நின்னு கேக்கணும், கோமகா. இல்லன்னா நான் பம்ப் அறைக்கே போயிடுவேன். பம்பாவது நான் பேசினா பதில் சொல்லும்.”

“என்ன சொல்லும்?”

“உறுமும். உன்னவிட மேல்.”

அவள் போனால் நிறுவனத்தில் மிஞ்சுவது பெயர்ப்பலகைதான். அதனால் கோமகன் துணிந்து அறிவித்தான்: இந்த முறை பதிலாள்களுக்கு அனுமதி இல்லை, வாசலில் நாடி பார்க்கப்படும்.

ஞாயிறு பிற்பகல், பழைய தாதுக் கிடங்கு வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். கோமகனால் நம்ப முடியவில்லை. ஒவ்வொரு மணிக்கட்டாகப் பிடித்துப் பார்த்தான். சூடு, வியர்வை, துடிப்பு. எல்லாம் அசல் மனிதக் கை.

“நாடி பாக்குறீங்களே, அப்படியே சுகர் இருக்கான்னும் பாத்துச் சொல்லுங்க” என்றார் ஒருவர்.

முதல் பேஸ் விழுந்ததும் கூரையிலிருந்து செம்மண் தூசி உதிர்ந்தது. கூட்டம் அசையாமல் நின்றது. சிலருக்கு உதடு மட்டும் அசைந்தது. பக்தி என்றே ரஹீமா நினைத்தாள்.

மூன்றாவது பாட்டில் சுவர் அதிர்ந்தது. தொம், தொம், தொம். டப்ஸ்டெப் அரங்குகளில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு பிடித்துவிட்டால் சுவரைக் குத்துவார்கள். குத்தினால் பாட்டை நிறுத்தி மறுபடி முதலிலிருந்து போட்டே ஆகவேண்டும். ரஹீமாவுக்கு யாரும் குத்தியதில்லை. முன்பு வந்த பதிலாள்கள், பொதுச்சுவரைத் தொடக் கூடாது என்ற நகராட்சி விதிக்குக் கட்டுப்பட்டவை. அவள் முதலிலிருந்து போட்டாள். மறுபடி குத்து. மறுபடி போட்டாள்.

மூன்றாம் முறை நிமிர்ந்து பார்த்தாள். சுவர்ப் பக்கம் யாருமே இல்லை. நாற்பது பேரும் நடுவில், கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஓர் அம்மாள் கையைத் தூக்கினாள். “ஏம்மா, திரும்பத் திரும்ப முதல்லேருந்தே போடுறியே, எப்ப முடியும்? இதையெல்லாம் மனசுல வெச்சு வீட்டுல போய் ஒப்பிக்கணும்.”

“யார்கிட்ட?”

“எங்க வீட்டுப் பதிலாள்கிட்ட. உள்ள விடமாட்டோம்னுட்டீங்க. அன்னையிலேருந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கு. சரி, உனக்குப் பதிலா நான் போய்க் கேட்டுட்டு வரேன்னு கிளம்பி வந்தேன்.”

“எங்க வீட்லயும் அதே கூத்துதான்” என்றார் சுகர்காரர். நாற்பது தலையும் ஆடின. “தம்பி, நீங்க கம்பெனிக்காரர். பாட்டு எப்படின்னு ரெண்டு வரில சுருக்கமாச் சொல்லிடுங்க. நாங்க கிளம்பறோம்.”

கோமகன் தொண்டையைச் செருமினான். “இருட்டு. கனம். வெளியிடலாம்.”

ரஹீமாவின் முகம் மாறியது. அவள் தொகுப்பை அனுப்பியபோது அவனிடமிருந்து வந்த பதிலும் இதே மூன்று சொல்தான். “இத நீ எப்ப கேட்ட?”

“எம் பதிலாள் மூணு தடவ கேட்டுச்சு, ரஹீமா. அப்படி ரசிச்சுது.”

“நீ?”

“எனக்கு விளம்பர வேல இருந்துச்சுல்ல.”

அவள் போய்க் கதவைத் திறந்தாள். வெளியே, சுவர் நெடுக வரிசையாகப் பதிலாள்கள். நெஞ்சுத் தகட்டைப் பாறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, விதியை மறந்து, கண்ணை மூடி நின்றன. கோமகனின் முகச்சாயல் கொண்டது முதலில் நின்றது. சுவரைக் குத்திக் குத்தி அதன் கைமுட்டி நசுங்கியிருந்தது.

ரஹீமா ஒலிபெருக்கிகளை ஒவ்வொன்றாக வாசல் பக்கம் திருப்பினாள். பதிலாள்கள் உள்ளே வந்தன. மனிதர்கள் நிம்மதியாக வெளியேறினார்கள்.

“அதான் அதுகளே கேட்டுக்குதே. நமக்கு வேலை மிச்சம்” என்றார் சுகர்காரர்.

“நானும் கிளம்பட்டா?” என்றான் கோமகன்.

“கிளம்பு. பம்ப் அறைக்கு நான் போகல. எனக்கு ஆள் கிடைச்சாச்சு.”

பெரிய பாரம் இறங்கியவனாக அவன் வீட்டுக்குப் போய்ச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சாரத்துக்குக் காத்திருந்தான். வழக்கத்தைவிட வெகு தாமதமாக, ஒரே வரி வந்தது.

‘இதைச் சுருக்க முடியாது. நேரில் வந்து கேட்கவும்.’

கோமகன் அதை இரண்டு முறை படித்தான். இத்தனை வருடத்தில் இவ்வளவு நல்ல விமர்சனம் அவன் நிறுவனத்துக்கு வந்ததில்லை. ஒரு சொல் மாற்றாமல் விளம்பரத்தில் போட்டுவிட்டு, அடுத்த சாரம் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்தான்.