கதை கேட்ட கோழிகள்

காவிரித் தண்ணீரைக் கையில் அள்ளிச் சத்தியம் செய்கிறேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இருந்தால் நாளைக்கே என் மீசை கொட்டிப்போகட்டும்.

மோகனூர்ப் பக்கம், காவிரி நடுவே நாணல்திட்டு என்று ஒரு சின்னத் தீவு. அங்கிருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக அக்கரைக்குக் குடிபோய்விட, பள்ளிக்கூடத்தில் மிஞ்சியது ஒரே பிள்ளை. நான்காம் வகுப்பு தனப்பிரியா.

கண்ணாமூச்சி ஆடினால் அவளே ஒளிந்து, அவளே தேட வேண்டும். ஒருமுறை எவ்வளவு தேடியும் அகப்படாமல் மதியச் சோறே ஆறிப்போனது.

அவளுக்கு ஒரே துணை பள்ளி நூலகம். நூலகம் என்றால் ஓர் இரும்புப் பீரோ. சாயங்காலம் ஒரு புத்தகத்தோடு ஆற்றோரம் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். மனசுக்குள் படித்தால் தீவு இன்னும் அமைதியாகிவிடும்.

அக்கரையில் சௌந்திரத்தின் கோழிப்பண்ணை. தண்ணீர் மேல் குரல் நன்றாகப் போகும். அவள் படிக்கத் தொடங்கினால் அத்தனை கோழிகளும் கொக்கரிப்பதை நிறுத்திக் கழுத்தை நீட்டும். சோகக் கதை என்றால் முட்டை சிறுத்துவிடும். சிரிப்புக் கதை என்றால் இரட்டைக்கரு.

ஒரு நாள், பாடம் முடிந்ததும் சபரிநாதன் சார் புத்தகங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினார்.

"ஏனுங்க சார், எங்கீங்க கொண்டுட்டுப் போறீங்க?"

"ஒரே புள்ள படிக்க ஒரு பீரோ எதுக்குன்னு ஆபீசுல கேக்கறாங்க சாமி. நாளைக்கு அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போகுது."

"பீரோவும் போயிருச்சுன்னா நான் யாரு கூடங்க சார் இருக்கறது?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அவள் பாதி படித்திருந்த கதையும் சாக்குக்குள் போய்விட்டது. அதில் குழிக்குள் விழுந்த யானைக்குட்டி, குழிக்குள்ளேயே கிடந்தது. அன்று சாயங்காலம் தனப்பிரியா ஆற்றோரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை சௌந்திரம் பரிசலில் வந்து இறங்கி, நேராகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார். பின்னால், தலையைக் குனிந்தபடி அவர் மகன் மதியழகன்.

"ஏனம்முணி, கதையப் பாதியில உட்டுட்டு நீ பாட்டுக்கு இருந்தா எப்படி? அந்த யானைக்குட்டி என்னாச்சுன்னு தெரியாம ஒரு கோழி முட்டை போடலை! முட்டை லாரி காலியாத் திரும்பிப் போயிருச்சு. வா, எங்க பண்ணைக்கு வந்து மிச்சத்தப் படி."

மதியழகன் மூலையிலிருந்த புத்தகச் சாக்கைப் பிரித்து, ஒரு புத்தகத்தின் அட்டைப் படத்தைத் தடவிக்கொண்டிருந்ததைத் தனப்பிரியா பார்த்தாள்.

"நான் எதுக்குங்க அத்தை? மதியழகனே படிக்கட்டுமுங்க."

அவன் முகம் சுருங்கியது. "எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். கிளாஸே சிரிக்கும்."

"கோழி சிரிக்காது."

"ரொம்ப மெதுவாப் படிப்பேன்."

"கோழிக்கு என்ன அவசரம்? பஸ்ஸா புடிக்கப் போகுது?"

அவன் யோசித்தான். "முடிச்சுட்டா?"

"இங்க வந்து வேற மாத்திக்க. பீரோ இங்கதான இருக்கும்." சொல்லிவிட்டுச் சாரைப் பார்த்தாள். "இருக்குமுங்களா சார்?"

சார் ஆபீசுக்குப் போன் போட்டார். "ஐயா, வாசகர்கள் கூடிட்டாங்க. பிள்ளைக ரெண்டு. கோழிக ஒரு நாலாயிரம்."

"பீரோ அங்கயே இருக்கட்டும் சார்," என்றது போனில் வந்த குரல். "நீங்க கொஞ்ச நாளைக்கு வெயில்ல அலையாதீங்க."

அன்று சாயங்காலமும் தனப்பிரியா ஆற்றோரம் உட்கார்ந்தாள். கையில் புத்தகம் இல்லை. அக்கரையிலிருந்து ஒரு குரல் தட்டுத் தடுமாறித் தண்ணீர் மேல் வந்தது.

"யா... னைக்... குட்... டி. யானைக்குட்டி!"

ஒரு கோழியும் சிரிக்கவில்லை. அடுத்து ஏதோ ஒரு நீளச் சொல் வந்திருக்க வேண்டும். குரல் நின்றுபோனது.

தனப்பிரியா எழுந்தாள். இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தினாள்.

"அப்பறம்?"

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: சௌந்திரத்தின் பண்ணையில் இருப்பவை அத்தனையும் சேவல்கள். என் மீசையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.